கார்பேத்தியா மாலைகளில் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள தூத்துக்குடி உறவுகளுக்கும், வெளியூரிலிருந்து கைகொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

சித்திரை முதல் நாள் தொடங்கி மூன்று மாலைகள், டைட்டானிக் மூழ்கியபோது பிழைத்தவர்களைத் தேடிப் போய் ஏற்றி வந்த 'கார்பேத்தியா' என்ற கப்பலைப் பற்றி நான் பேசினேன். நீங்கள் உட்கார்ந்து கேட்டீர்கள். கடைசி நாள் எல்லோரிடமும் நின்று பேச நினைத்திருந்தேன். தொண்டை கட்டிவிட்டது, அதற்குள் நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். அதனால் இந்த மடல்.

ஏன் இந்தக் கப்பல் என்று பலர் கேட்டீர்கள். என் அப்பா முப்பது வருடத்துக்கு மேல் சரக்குக் கப்பல்களில், இன்ஜின்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருந்தார். "கப்பலில் என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், "கீழே வேலை" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. டைட்டானிக் பற்றி ஊரே பேசிய காலத்திலும் அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். "தேடிப் போனானே ஒருத்தன், அந்தக் கப்பலைப் பத்திப் படி" என்று மட்டும் சொல்வார். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் சொன்னதை அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதல் நன்றி மாடி வீட்டு மைனிக்கு. பேசி வைத்திருந்த அரங்கு முதல் நாள் காலையில் இல்லை என்று ஆகிவிட்டது. நான் கேட்குமுன்பே, "நம்ம மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு" என்றார்கள். மாலைக்குள் கூட்டித் தண்ணீர் தெளித்து, நாற்பது நாற்காலி வரவழைத்துவிட்டார்கள். முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல், ஒரு மணி நேரத்துக்குள் மற்றவர்களுக்காக வீட்டைத் திறந்துவிடுவது என்றால் என்ன என்று அன்றைக்குப் பார்த்தேன். இரவு நான் சொல்லவிருந்த கதையும் அதுதான்.

நேரில் வர முடியாதவர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பேத்தியா சுமார் 13,600 டன் கப்பல். டைட்டானிக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 1912 ஏப்ரல் 11 அன்று நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குக் கிளம்பியது. ஊர் திரும்பும் இத்தாலியர்கள், ஹங்கேரியர்கள், சுற்றுலா போகும் அமெரிக்கர்கள் என்று எழுநூற்றுச் சொச்சம் பயணிகள். ஏப்ரல் 14 நள்ளிரவு தாண்டிய நேரம், வயர்லெஸ் ஆபரேட்டர் ஹரால்ட் காட்டம் தூங்கப் போகும் தறுவாயில் இருந்தார். 21 வயதுப் பையன். கப்பலுக்கு அவர் ஒருவர்தான் ஆபரேட்டர், மாற்றி விட ஆள் கிடையாது. வேறொரு கப்பலின் பதிலுக்காகக் காதுக்கருவியைக் கழற்றாமல் வைத்திருந்தார். அப்படிக் காத்திருந்ததால்தான் டைட்டானிக்கின் அழைப்பு அவர் காதில் விழுந்தது.

கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரன் முதலில் கப்பலைத் திருப்பச் சொன்னார். உத்தரவு கொடுத்துவிட்டு, அப்புறம்தான் காட்டமிடம் "நிச்சயம்தானா?" என்று கேட்டார். அவர் தந்த சாட்சியத்திலேயே இந்த வரிசைதான் இருக்கிறது. இந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் "அப்படிப் போடு" என்று சத்தமாகச் சொன்னார். ஐயா, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று எனக்கு இருந்த பயம் அந்தச் சத்தத்தோடு போய்விட்டது. நன்றி.

அந்தச் சாட்சியத்தை எனக்குத் தேடித் தந்தது நம் நூலகர் அம்மா. பிழைத்தவர்களோடு கார்பேத்தியா நியூயார்க் சேர்ந்தது ஏப்ரல் 18 இரவு. மறுநாளே அமெரிக்க செனட் விசாரணை தொடங்கியது; ராஸ்ட்ரனும் அன்றே சாட்சி சொன்னார். அந்த விசாரணையிலும், பிறகு லண்டனில் நடந்த விசாரணையிலும் பேசப்பட்ட ஒவ்வொரு வார்த்தையையும் யாரோ தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கேள்விகள், பதில்கள். கூலி வாங்காமல் செய்த வேலை. எங்கோ இருக்கும் அவர்களுக்கு இந்தத் தமிழ் மடல் போய்ச் சேராது. ஆனாலும் அவர்களுக்கு நன்றி சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ராஸ்ட்ரன் போட்ட உத்தரவுகளைத் தமிழாக்க உதவிய கல்லூரிப் பிள்ளைகள் இருவருக்கும் நன்றி. ஆங்கில மருத்துவர் முதல் வகுப்புச் சாப்பாட்டு அறைக்கு, இத்தாலிய மருத்துவர் இரண்டாம் வகுப்புக்கு, ஹங்கேரிய மருத்துவர் மூன்றாம் வகுப்புக்கு. வருகிறவர்களுக்கு சூப், காபி, டீ, போர்வை. தன் கப்பல் ஊழியர்களுக்கும் காபி. கேப்டன் அறை உட்பட அதிகாரிகளின் அறைகள் எல்லாவற்றையும் காலி செய்ய வேண்டும். பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து விளக்குகளைத் தொங்கவிட வேண்டும். இப்படிப் போகிறது பட்டியல். அதில் ஓர் இடத்தில் பிள்ளைகளை ஏற்றுவதற்குக் கித்தான் பைகள் என்று வருகிறது. முதல் வரைவில் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். தம்பி, நீதான் மூலத்தை மறுபடி பார்த்து, "அக்கா, வெறும் கித்தான் பை இல்லை, சாம்பல் பை என்று இருக்கிறது" என்றாய்.

பாய்லர் அறையில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலுக்காக வைத்திருந்த பைகள் அவை. குளிரில் கை விறைத்துப்போன தாய்மார்கள் கயிற்றேணியில் ஏறும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ள முடியாது. அதனால் குழந்தைகளைச் சாம்பல் பையில் வைத்துக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். அவை மிகவும் உதவியாக இருந்தன என்று ராஸ்ட்ரனே சாட்சியத்தில் சொல்லியிருக்கிறார். "சாம்பல்" என்ற அந்த ஒரு சொல் விட்டுப்போயிருந்தால் இந்த மூன்று மாலைகளும் வேறு மாதிரி ஆகியிருக்கும். தம்பி, இதற்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது.

அந்தப் பையைத் தைத்துக் கொடுத்த தையல் கடை அக்காவுக்கும் நன்றி. லாரித் தார்ப்பாய்த் துணியில், வாயில் கயிறு கோத்து, அடியில் இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். "பிள்ளையை வைக்கிற பை" என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். பத்துக் கிலோ அரிசியை அதில் வைத்து, தெருவிலிருந்து மாடிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் இழுத்தார்கள். பாதி தூரத்தில் ஒருத்தி, "டீச்சர், கை வலிக்குது, ஆனா விட மாட்டேன்" என்றாள். நீ சொன்னதைக் கேட்டு மாடியே அமைதியாகிவிட்டது கண்ணா. என் நன்றி உனக்கும் உன் கூட்டாளிகளுக்கும்.

இரண்டாம் நாள் பேச்சு முழுக்கவே திருநெல்வேலியிலிருந்து வந்த தாத்தாவால்தான் நிறைந்தது. ரயில்வேயில் நீராவி இன்ஜின் அடுப்புக்குக் கரி போடும் ஃபயர்மேனாக இருந்தவர். கார்பேத்தியாவில் அன்றிரவு ஓய்வில் இருந்த ஃபயர்மேன்களையும் எழுப்பிக் கீழே அனுப்பினார்கள், பயணிகளின் அறைகளுக்குப் போகும் சூட்டையும் வெந்நீரையும் நிறுத்தி எல்லா நீராவியையும் இன்ஜினுக்குத் திருப்பினார்கள் என்று நான் சொன்னதும், தாத்தா எழுந்து வந்துவிட்டார். கரியை அள்ளி எறிவது வேலையே இல்லை, அதைச் சமமாகப் பரப்புவதுதான் வேலை என்றார். ஓரிடத்தில் குவிந்தால் புகையும், ஓரிடத்தில் வெறுமை விழுந்தால் குளிர்ந்த காற்று புகுந்து நீராவி இறங்கும். கதவைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் சூடு போகும். உருகிக் கட்டிப்போன கசடைக் கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். மண்வெட்டி பிடிக்கும் விதத்தை வெறுங்கையால் செய்து காட்டினார். எண்பது தாண்டிய அந்தத் தோள் அந்த அசைவை மறக்கவே இல்லை. அந்த மாதிரிக் கப்பல்களில் ஃபயர்மேன்களுக்குப் பொதுவாக நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு. கரியைக் கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டு வந்து கொட்டும் டிரிம்மர்களுக்கு ஃபயர்மேன்களைவிடக் குறைந்த கூலி. தாத்தா, பேருந்தில் வந்து பேருந்திலேயே திரும்பினீர்கள். வீடு வரை வந்து நன்றி சொல்வேன்.

முன்னாள் சீஃப் இன்ஜினியர் ஐயா ஒரு திருத்தம் சொன்னார். 14 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) ஓடக்கூடிய கப்பல் அன்றிரவு ஏறக்குறைய 17 நாட் ஓடியது என்று நான் சொல்லியிருந்தேன். பல இடங்களில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஐயா கணக்குப் போட்டுக் காட்டினார். ராஸ்ட்ரன் கணித்த தூரம் 58 கடல் மைல், எடுத்த நேரம் ஏறக்குறைய மூன்றரை மணி. அதிலிருந்து வந்த வேகம் அது. ஆனால் 1985இல் டைட்டானிக் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தபோது, வயர்லெஸ்ஸில் சொன்ன இடத்திலிருந்து அது ஏறக்குறைய 13 மைல் தள்ளி இருந்தது. தென்கிழக்கிலிருந்து வந்த கார்பேத்தியாவுக்கு உண்மையான தூரம் குறைவு, அதனால் வேகமும் குறைவு. கூட்டத்தில் திருத்துகிறோமே என்று ஐயா தயங்கினார். தயங்க வேண்டாம் ஐயா. எனக்கு மிகப் பெரிய உதவி அதுதான். 15 நாட் ஓடியிருந்தாலும், பனிப்பாறைகளுக்கு நடுவே இருட்டில் ஓடிய ஓட்டம் அது. விடிந்ததும் ஓர் இளம் அதிகாரியை மேலே ஏற்றி எண்ணச் சொன்னார்கள். 150 முதல் 200 அடி உயரமுள்ளவை மட்டும் 25 இருந்தன.

குண்டூர் செய்தியைக் கண்டுபிடித்த நூலகர் அம்மாவின் மகளுக்குத் தனியாக ஒரு நன்றி. ரூத் பெக்கர், 12 வயது. அப்பா குண்டூரில் மதப்பணியாளர். குண்டூர் அப்போது நம் சென்னை மாகாணம். ரூத் பிறந்ததும் அங்கேதான். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா மூன்று பிள்ளைகளோடு அமெரிக்கா கிளம்பி, டைட்டானிக்கில் இரண்டாம் வகுப்பில் வந்தார். அம்மாவும் சின்னவர்களும் 11ஆம் படகில், ரூத் மட்டும் 13ஆம் படகில். அறையிலிருந்து எடுத்து வந்திருந்த போர்வைகளை, பாய்லர் அறை வெக்கைக்கு ஏற்ற மெல்லிய உடையோடு வந்து நடுங்கிக்கொண்டிருந்த ஃபயர்மேன்களுக்கு அந்தச் சிறுமி கொடுத்தாள். அதே படகில் இருந்த ஃபயர்மேன் ஃபிரெடரிக் பேரட், சுக்கான் பிடித்துக் குளிரில் விறைத்துப்போனதையும், தன் மேல் ஒரு பெண் மேலங்கியைப் போர்த்தியதையும் லண்டன் விசாரணையில் சொன்னார்.

பேரட் பற்றிச் சொல்லும்போதுதான் என் குரல் உடைந்தது. பனிப்பாறை மோதியபோது அவர் பாய்லர் அறையில் இருந்தார். சுவரைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்ததைக் கண்ணால் கண்டவர். மே மாதம் ஒலிம்பிக் கப்பலில் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தார். அது நியூயார்க் வந்தபோது, விசாரணையை நடத்திய செனட்டர் வில்லியம் ஆல்டன் ஸ்மித் கப்பலுக்கே போனார். மேலே கூப்பிட்டு அனுப்பவில்லை. பாய்லர் அறைக்கே இறங்கிப் போய், அடுப்புகளுக்கு நடுவே நின்று, நீ என்ன பார்த்தாய் என்று கேட்டார். கீழே வேலை செய்கிறவனிடம் ஒருவர் கீழே இறங்கிப் போய்க் கேட்டது அது. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. அந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்தியபோது தண்ணீர் கொண்டு வந்து கொடுத்த பெண்ணே, உன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கார்பேத்தியாவின் முடிவையும் கடைசி நாள் சொன்னேன். 1918 ஜூலை 17, ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. மற்ற எல்லோரும் பிழைத்தார்கள், ஐந்து பேர் போனார்கள். மூன்று ஃபயர்மேன், இரண்டு டிரிம்மர். அப்போது நீங்களாகவே எழுந்து நின்றீர்கள், நான் சொல்லவில்லை. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மூன்று நாளும் தூக்குப் போணியில் இஞ்சி டீ அனுப்பிய டீக்கடை அண்ணாச்சிக்கு நன்றி. கணக்குக் கேட்டால் "அப்பாவுக்காக" என்றீர்கள். அப்பா கப்பலிலிருந்து இறங்கியதும் முதலில் வந்து நிற்கும் கடை உங்கள் அப்பாவுடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் முடிவில், ஆயிலராக இருந்தவர்களின் பிள்ளைகள், மனைவிகள் என்று ஏழெட்டுப் பேர் வந்து, உங்கள் வீட்டுக்காரர்கள் கீழே என்ன செய்தார்கள் என்று சொன்னீர்களே, அதை எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். விட்டுப்போனவர்கள் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்; காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன்.

அப்புறம், அந்தக் கித்தான் பை என்னிடம்தான் இருக்கிறது. பள்ளிக்கு வேண்டும் என்று கேட்ட டீச்சர் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளவும். கயிற்றை மட்டும் மாற்றிவிடுங்கள், ஒரு பிரி அறுந்திருக்கிறது.