கையில் வேலை தந்த அம்மாவுக்கும், உடன் நின்ற அனைவருக்கும்

மரியே வாழ்க.

எங்கள் மகள் மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டாள். நடந்ததை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் எங்களோடு சேர்ந்தே அதைக் கடந்ததால் இங்கே திரும்ப எழுதவில்லை. இரத்தம் கொடுக்க ஓடி வந்த இளைஞர்கள், எங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்ட பங்கின் அன்பியக் குழுப் பெண்கள், நள்ளிரவில் அழைத்தும் முகம் சுளிக்காமல் நோயுற்றோருக்கான அருளடையாளமாகிய நோயில்பூசுதல் தர வந்த பங்குத்தந்தை, வாடகையில் பாதியைத் திருப்பித் தந்துவிட்டுப் போன ஆம்புலன்ஸ் ஓட்டுநர், மருத்துவர்கள், செவிலியர்கள் என ஒவ்வொருவர் வீட்டுப் படியும் நாங்கள் ஏறியாக வேண்டும், ஏறுவோம்.

ஆனால் இம்மடலில் பெரும்பங்கு, என் பெயரைக்கூடக் கேட்காத ஒருவருக்கு உரியது.

அவர் தோவாளைப் பக்கம் பூக்கட்டிப் பிழைப்பவர். கணவர் உள்ளே கிடக்க, எங்களைப் போலவே தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே தரையில் துண்டு விரித்திருந்தார். மகன் கொண்டுவந்த பிச்சி மொட்டுகளை ஈரத்துணியில் பொதிந்து வைத்து, அவை விரிவதற்குள் கட்டி அனுப்பிவிடும் அவசரத்தில் இருந்தார். நானோ ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். செபமாலையை எடுத்தால் முதல் பத்து மணிக்குள்ளேயே எண்ணம் சிதறியது. "விசுவாசமாயிருங்கள்" என்று அன்போடு சொன்னவர்களைக் கண்டாலே ஒதுங்கிப் போனேன்.

"அண்ணாச்சி, சும்மா நடந்தா மனசு கண்டதயும் நெனைக்கும். இதுல ரெண்டு ரெண்டா எடுத்துத் தாருங்க" என்றார் அவர்.

உட்கார்ந்தேன். நான் காம்பு பார்த்து மொட்டுகளை எடுத்துக் கொடுக்க, அவர் இரண்டை இப்புறமும் இரண்டை அப்புறமுமாக வைத்து, நனைத்த வாழைநாரைச் சுற்றி முடிச்சை இழுத்தார். என்ன நோய் என்றோ, எவ்வளவு செலவாயிற்று என்றோ அவர் கேட்கவில்லை. விடியும் வரை எடுத்துக் கொடுத்தேன். சொற்கள் எதுவுமின்றி அன்று என்னால் செபிக்க முடிந்தது.

கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் பெற்றுள்ள புனித தேவசகாயமும், திருமுழுக்குப் பெறுமுன் நீலகண்ட பிள்ளையாக இருந்த நாளில், இழப்புமேல் இழப்பு வந்து மனம் கலங்கித் திரிந்தவர்தான். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவருக்கு எடுத்துச் சொன்னது, விவிலியத்தில் துன்பத்துக்குமேல் துன்பம் பட்ட யோபுவின் கதை. அந்த யோபுவோ அமைதியின்றிப் புலம்பியவர், கடவுளிடமே வழக்காடியவர். ஆயினும் இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த நண்பர்களைத்தான். அந்த நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மனம் தவிப்பதை விசுவாசக் குறைவென்று இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். இறை இரக்கம் எனக்கு வந்தது, சிலுவைக்குறி போடாத ஒருவரின் கை வழியாக.

வரும் டிசம்பர் 3, சவேரியார் திருவிழாவுக்கு நேர்ந்திருக்கும் மாலையை உரிய விலை கொடுத்து அவரிடமே கட்டி வாங்கப் போகிறேன். அவர் கணவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அறுவைக்கு இரத்தம் வேண்டுமாம். எங்களுக்காக வந்து, தேவைப்படாமல் திரும்பிப் போன பிள்ளைகள் தயவுசெய்து என்னை அழையுங்கள்.