கொம்யூன் வேறு, ஊராட்சி ஒன்றியம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரி உள்ளாட்சித் தேர்தல் பற்றிய செய்திகளில் பல கிராமப் பஞ்சாயத்துகளுக்கு மேலுள்ள உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தைத் தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றியத்தோடு ஒப்பிட்டு ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு வரி வசூல் ஊராட்சியின் வேலை. ஒன்றியத்துக்கு அதில் பங்கில்லை. புதுச்சேரியிலோ வீட்டு வரி, பிறப்பு இறப்புப் பதிவு எல்லாவற்றுக்கும் கொம்யூன் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு மேலே மாவட்ட ஊராட்சி என்ற அடுக்கும் கிடையாது.

புதுச்சேரிப் பகுதியில் அரியாங்குப்பம், பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு. காரைக்காலில் கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் என மொத்தம் 10 கொம்யூன்கள். இவற்றின் கீழ் 98 கிராமப் பஞ்சாயத்துகள். புதுச்சேரி, உழவர்கரை, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய 5 ஊர்கள் நகராட்சிகள். கேரளக் கரையில் 9 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள மாகேயிலும் கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமிலும் கிராமப் பஞ்சாயத்தே இல்லை.

புதுச்சேரிக்கான உள்ளாட்சிச் சட்டம் 1973ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் 1968க்குப் பிறகு தேர்தல் நடந்தது 2006இல்தான், 38 ஆண்டு கழித்து. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்ததும் அதிகாரம் அரசு அதிகாரிகளான ஆணையர்கள் கைக்குப் போனது. சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் மனு எழுதிக்கொண்டு ஆணையரைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஆளில்லை.

எல்லை இத்தனை துண்டுபட்ட இடத்தில் இதுதான் பெரிய இடைஞ்சல். விழுப்புரம் சாலையில் பஸ்ஸில் போனால் தெரியும். வில்லியனூர், அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, மதகடிப்பட்டு, மறுபடி புதுச்சேரி. சாலை ஒன்றுதான், ஆனால் மழைநீர் வழிந்தோடும் பக்கத்து வாய்க்காலுக்குப் பொறுப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தரும் பங்காரு வாய்க்காலும் தமிழ்நாட்டுச் சொர்ணாவூர் அணைக்கட்டில்தான் தொடங்குகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேச, இந்தப் பக்கம் ஊர் தேர்ந்தெடுத்த ஒருவர் வேண்டாமா? மாற்றலாகிப் போகிற அதிகாரி கோப்பை மேலே அனுப்புவார், அவ்வளவே.

தேர்தல் தள்ளிப்போவதற்கு இப்போது சொல்லப்படும் காரணம் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு. 2021இல் அறிவித்த தேர்தலும் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றப் படியேறி நின்றுபோனது. உச்ச நீதிமன்றம் வைத்திருக்கும் நிபந்தனை மூன்று: பிற்படுத்தப்பட்டோர் நிலையைக் கணக்கெடுத்து ஆராயத் தனி ஆணையம் அமைக்க வேண்டும், ஒதுக்கீட்டு அளவை ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஒதுக்கீட்டோடு சேர்த்து 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கணக்கெடுப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது முடியும்வரை தேர்தலை நிறுத்திவைக்கக் கூடாது, பிற்படுத்தப்பட்டோருக்கான இடங்களைப் பொது இடங்களாக அறிவித்து நடத்துங்கள் என்று அதே நீதிமன்றம் 2022 மே மாதம் எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டது. பட்டியலினத்தவருக்கு மக்கள்தொகை விகிதப்படியும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் ஒதுக்கீடு அரசமைப்பிலேயே இருக்கிறது. அதற்கு எந்த அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

தேர்தல் வரும்போது வாசகர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும். உள்ளாட்சி வாக்காளர் பட்டியல், சட்டமன்றப் பட்டியலை வார்டு வார்டாகப் பிரித்துத் தயாராவது. தவறு பெரும்பாலும் வார்டு எல்லைத் தெருக்களில்தான் நேரும்: ஒரே தெருவில் இடப்பக்க வீடு ஒரு வார்டு, வலப்பக்க வீடு இன்னொரு வார்டு. வரைவுப் பட்டியல் வந்ததும் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. வார்டு எண்ணையும் சரிபார்த்து, குறித்த நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
வில்லியனூர்