அம்மாவின் அடக்கப் பூசைக்குத் துணை நின்ற உங்களுக்கு

அன்புள்ளவர்களே,

அம்மா போய் முப்பது நாள் கடந்துவிட்டது. அன்றைக்கு உங்கள் யாருக்கும் ஒரு வார்த்தைகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழத்தான் முடிந்தது. சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

முதலில் பங்குத்தந்தை அவர்களுக்கு. அம்மா இறந்தது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. எல்லாரும் வந்துசேர வசதியாக இருக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை அடக்கம் என நாங்களே முடிவுசெய்து உறவினர்களுக்குச் சொல்லியும் விட்டோம். அப்புறம்தான் உங்களிடம் வந்தோம். தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலம், ஈஸ்டரைத் தொடரும் பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளில் அடக்கத் திருப்பலி, அதாவது அடக்கப் பூசை, வைக்க முடியாது என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது, குரலை உயர்த்தினேன். அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. திங்கள் காலை என்று முடிவானதும், யாருக்கெல்லாம் மறுபடி சொல்ல வேண்டும் என்று கேட்டு, பாதிப் பேருக்கு உங்கள் போனிலிருந்தே சொன்னீர்கள். அப்படிக் கிடைத்த இரண்டு இரவுகளும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். அந்த இரவுகள் இல்லாமல் திங்கட்கிழமையை நான் தாங்கியிருக்க மாட்டேன்.

தம்பி நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தான், பூசையில் சாமியார் ஆற்றும் மறையுரை நேரத்தில் வாசிக்க. மறையுரை இறைவார்த்தையையும் உயிர்ப்பையும் பற்றியது, இறந்தவரைப் புகழும் உரையாக அது ஆகக் கூடாது என்று அவனிடம் பொறுமையாகச் சொன்னீர்கள். அப்பம் வழங்கும் நற்கருணைக்குப் பிந்தைய மன்றாட்டு முடிந்து, இறுதிப் பிரியாவிடைச் சடங்கு தொடங்கும் முன் குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம் என்றும் வழி காட்டினீர்கள். அதோடு நிற்காமல், ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்து நான்கு பக்கத்தையும் அவன் வாசிக்க, கடைசி வரை உட்கார்ந்து கேட்டீர்கள். கோவிலில் அவன் சொன்னது ஒரே ஒரு பத்திதான். அது போதுமாக இருந்தது.

அருள்சகோதரிக்கு என்ன சொல்வது? வாசகங்களைத் தேர்ந்தெடுக்க வந்தபோது நீங்கள் பட்டியலை நீட்டவில்லை. “அம்மாவின் பைபிளைக் கொண்டுவா” என்றீர்கள். சாலமோனின் ஞானம் மூன்றாம் அதிகாரத்தில் பென்சில் கோடு இருந்தது. நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில் இருப்பதைச் சொல்லும் இடம். முதல் வாசகம் அதுவே ஆனது. பதிலுரைக்கு இருபத்து மூன்றாம் திருப்பாடல். நற்செய்திக்கு வந்தபோது, “உன் மனதை எது அழுத்துகிறது?” என்று கேட்டீர்கள். அம்மாவின் கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை என்பதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. யோவான் பதினொன்றாம் அதிகாரத்தைத் திறந்து, தன் சகோதரன் இறந்த துயரத்தில் மார்த்தா இயேசுவிடம் நீர் இங்கே இருந்திருந்தால் என்று முறையிடும் இடத்தைக் காட்டினீர்கள். அந்த முறையீட்டுக்குப் பிறகுதான், உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே என்று இயேசு சொல்கிறார். இத்தனை வருடம் கேட்ட நற்செய்தி, அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை அண்ணனுக்கு: பெட்டியின்மேல் வெள்ளைத் துணியை விரிக்கும்போது, ஞானஸ்நானத்தில் உடுத்திய வெள்ளாடையின் நினைவு இது என்று மெல்லச் சொன்னீர்கள். தலைமாட்டில் ஈஸ்டருக்கான பெரிய மெழுகுத்திரியான பாஸ்கா திரியை ஏற்றினீர்கள். தீர்த்தம் தெளித்ததும் அதே ஞானஸ்நானத்தை நினைத்துத்தான் என்று அப்போது புரிந்தது. பெரியம்மா, தன் சிறுவயதில் பார்த்ததுபோல் சாமியார் கறுப்பு உடுத்தவில்லையே என்று வருத்தப்பட்டார். கறுப்புக்கு இன்றும் தடையில்லை, ஆனால் 1969-ல் அடக்கச் சடங்கைப் புதுப்பித்தபோது உயிர்ப்பின் நம்பிக்கை தெரிய வேண்டும் என்பதற்காக வெள்ளைக்கும் ஊதாவுக்கும் வழிவிட்டார்கள் என்று அவருக்கு நீங்கள் விளக்கினீர்கள். அவரும் சமாதானமானார்.

பெட்டிக்குத் தோள்கொடுத்தவர்கள், மன்றாட்டுகளை எழுதித் தந்த தோழி, காணிக்கைப் பவனியில் அப்பமும் இரசமும் ஏந்தி வந்த பிள்ளைகள், எல்லாருக்கும் நன்றி. வேறு சமயத்தைச் சேர்ந்த அம்மாவின் சிநேகிதிகளோடு உட்கார்ந்து, எப்போது எழுவது எப்போது அமர்வது என்று காதோடு சொல்லிக்கொண்டிருந்த அக்காவை நான் கவனித்தேன். அப்படிச் செய்யச் சொல்லி, அக்கா, யாரும் உங்களிடம் கேட்கவே இல்லை.

கடைசியாகப் பாடகர் குழு. அம்மா முணுமுணுக்கும் சினிமாப் பாட்டைப் பூசையில் பாடக் கேட்டோம். திருப்பலிக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டு, முந்தின இரவு ஜெபம் முடிந்ததும் வீட்டில் நின்று அதை முழுசாகப் பாடினீர்கள். நற்செய்திக்கு முன் பாடும், அம்மாவுக்குப் பிடித்த அல்லேலூயாவும் தவக்காலம் என்பதால் அன்று இல்லை, வேறு வாழ்த்தொலிதான். எனக்கு அது பெரிய குறையாக இருந்தது. “முப்பதாம் நாள் வரும்போது ஈஸ்டர் முடிந்திருக்கும், அன்றைக்குப் பாடுவோம்” என்றீர்கள்.

மறக்காமல் பாடினீர்கள். நானும் சேர்ந்து பாடினேன், அழாமல்.

நன்றியுடன்,
அம்மாவின் மூத்த மகள்