புதிய கேமராவின் ரா கோப்பு திறக்கவில்லையா?
உறுப்பினர்களுக்கு வணக்கம். புதிதாக வாங்கிய கேமராவின் ரா கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படக் கோப்பு) அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூம் திறக்க மறுத்தால், மெமரி கார்டு கெட்டுவிட்டதாகப் பதற வேண்டாம். அந்த மாடலின் விவரம் மென்பொருளுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அதுவரை கேமரா நிறுவனமே இலவசமாகத் தரும் மென்பொருளில், நிக்கான் என்றால் என்எக்ஸ் ஸ்டுடியோவில், திறந்து 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமித்துத் திருத்துங்கள். கோப்பு பெரிதாகும், நிறம் சரியாக இருக்கும்.

பழைய லைட்ரூமை விடமாட்டேன் என்பவர்கள், அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வெர்ட்டரில் அந்த கேமராவுக்கான புதிய பதிப்பு வந்ததும், ரா கோப்பை டிஎன்ஜி என்ற பொது ரா வடிவத்துக்கு மாற்றிப் பழைய லைட்ரூமிலேயே திறந்துகொள்ளலாம். சந்தா கட்டத் தேவையில்லை.

எக்ஸிஃபில், அதாவது கோப்புக்குள் பதிவாகும் கேமரா விவரங்களில், மாடல் பெயரை மாற்றி மென்பொருளை ஏமாற்றும் வித்தையை நான் பரிந்துரைக்கமாட்டேன். நிறம் தவறி மணப்பெண்ணின் முகம் பச்சையடித்தால் யார் பதில் சொல்வது? செய்தே தீருவேன் என்றால் நகலில் மட்டும் செய்யுங்கள். முகூர்த்த வேலை இருப்பவர்கள் ராவுடன் ஜேபெக்கும் சேர்த்தே எடுங்கள்.