தண்ணீருக்கு முந்திய பெயர்

அன்புள்ள மகள்,

போன கிழமை நீ கோலில் கதைத்ததையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "பழையவைகள் ஒழிந்துபோயின என்று வேதம் சொல்லுது, உங்களுக்கு மட்டும் ஏன் இன்னும் அந்தக் கனவு வருகுது? விசுவாசம் காணாது" என்றாராம். நீயும் தலையாட்டிவிட்டு வந்தாயாம். கேட்டவுடன் எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் சொன்ன வசனம் 2 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கேயே நிறுத்தாமல் 12-ஆம் அதிகாரம் வரைக்கும் வாசி. தன் மாம்சத்திலே ஒரு முள் இருக்கிறது, அது நீங்க வேண்டுமென்று மூன்றுதரம் கர்த்தரிடம் கேட்டேன் என்று பவுல் எழுதுகிறார். முள் எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. எல்லாம் புதிதாயின என்று எழுதியவருக்கே முள் குத்திக்கொண்டுதான் இருந்தது. அவருக்கும் விசுவாசம் காணாது என்று சொல்வார்களா?

மறுகா, மட்டக்களப்பில் நம் ஊரான நாவலடியில் நடந்தது. இதைப் பற்றி நாம் இருவரும் நேராகக் கதைத்ததே இல்லை.

சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கின மணல் துண்டு. அதுதான் எங்கள் ஊர். ஓடுவதற்கு எங்கே இடம் இருந்தது? வலை இழுத்து இழுத்துக் கை காய்ச்சுப்போன ஆண்கள், பெண்சாதியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களாலேயே பிடித்து நிற்க ஏலாமல் போனது. உனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. நீ அவன் கையை விடவில்லை மகள். தண்ணீர் உங்களைப் பிரித்தது. உன்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை, நடந்தது இதுதான்.

முகாமில் ஒரு சொந்தக்காரப் பெண் உன்னைக் காட்டி, "தம்பிர கையை விட்ட புள்ள" என்று இன்னொருத்திக்குச் சொன்னாள். எனக்கும் கேட்டது, உனக்கும் கேட்டது. திராய்மடுவில் வீடு கிடைத்துக் குடியேறிய பிறகும் அந்தப் பெயர் நம் பின்னாலேயே வந்தது. இப்போது கனடாவில், ஸ்காபரோவில் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. நீயே உனக்குச் சொல்லிக்கொள்கிறாய்.

ஏசாயா 43-ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தை வெகுகாலம் என்னால் வாசிக்க முடியவில்லை. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." நம்மேல் புரண்டதே! விளக்கம் சொல்ல வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒன்றும் என் மனதுக்குள் இறங்கவில்லை, இன்றைக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இல்லை. ஆனால் அதற்கு முந்தின வசனத்தை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்." முதலில் பெயர், அதற்குப் பிறகுதான் தண்ணீர். கைக்குழந்தையாக உன்னைத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கே போதகர் உன் பெயரைச் சபைக்கு முன் சொல்லிவிட்டார். நீ தும்மினாய், அப்பா சிரித்தார். கடல் வந்தது அதற்கெல்லாம் பிறகு. பிறகு வந்தது எதுவானாலும் அந்தப் பெயரை மாற்ற அதற்கு அதிகாரம் இல்லை.

கடல் வாசம் வந்தாலே நெஞ்சு அடைக்கிறது, அங்கே ஏரிக்கரைக்குக்கூடப் போவதில்லை என்கிறாய். எனக்குப் பேதுருவின் ஞாபகம் வருகிறது. பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு நின்றுதான் இயேசுவைத் தெரியாது என்று சொன்னான். அந்த நெருப்பு கரிநெருப்பு என்று யோவான் குறித்து வைத்திருக்கிறார். மறுகா, உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் சீஷர்களுக்காகக் காத்திருந்தபோது அங்கேயும் கரிநெருப்பு, மேலே மீன். கரைவலைக்காரர் மணலில் மீன் சுடுவதை நீ பார்த்திருக்கிறாய். அந்தப் புகை உடுப்பை விட்டுப் போகாது. அன்று காலையில் பேதுருவின் மூக்கில் ஏறினதும், முற்றத்தில் நின்ற இரவின் அதே வாசம்தானே.

ஆண்டவர் ஏன் அப்படிச் செய்தார்? அந்த இரவை மறக்கவைக்க அவர் பார்க்கவில்லை. அதற்குள்ளேயே அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அதுவும் எடுத்த எடுப்பில் இல்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று முதலில் சாப்பாடு கொடுத்தார், இராமுழுக்க வலை போட்டுக் களைத்தவர்களுக்கு. சாப்பிட்ட பிறகுதான், தன்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி. "மறுதலித்தவனே" என்று கூப்பிடவில்லை, "யோனாவின் குமாரனாகிய சீமோனே" என்று தகப்பன் பெயரோடு கூப்பிட்டார். மூன்றாந்தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று இருக்கிறது. நோவு இருந்த இடத்தில்தான் அவர் கை வைத்தார், நொந்தது. நொந்துகொண்டிருந்தவனிடமே தன் ஆடுகளை ஒப்படைத்தார்.

பேதுரு செய்தது பிழை, நீ செய்தது பிழையே இல்லை. பிழை செய்தவனையே அந்தப் பெயரால் கூப்பிடாதவர் உன்னை அப்படிக் கூப்பிடுவாரா?

உன் வேலை இடத்தில் ஒரு வயதான அம்மா குளிக்கப் பயந்து கத்துவார், வேறு யார் போனாலும் அடிப்பார் என்று சொன்னாயே. நீ முதலில் இளஞ்சூட்டுத் துணியால் பாதத்தை மட்டும் துடைப்பாயாம். தண்ணீர்ச் சத்தம் கேட்காதபடி குழாயை முன்னமே திறந்து வாளியில் பிடித்து வைப்பாயாம். இதெல்லாம் உனக்கு யார் படிப்பித்தது? எந்தச் சத்தம் ஆளைக் கலங்கடிக்கும் என்று உனக்குத் தெரியும். மறுரூபமாகிறது என்றால் கனவு நின்றுபோவதுதான் என்று நினைத்து நீ காத்திருக்கிறாய். அந்தக் குளியலறையில் அது நடந்துகொண்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நம் மெதடிஸ்ட் சபையை இங்கே தொடங்கிய வில்லியம் ஓல்ட்டும் அப்படித்தான். 1814-இல் மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவி இறந்து, கடலில்தான் அடக்கம். அந்தத் துக்கத்தோடு வந்து இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். அடுத்த வருடமே அவரும் இறந்துபோனார். ஆறுதல் கிடைத்த பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது.

உளவளத்துணைக்கு, அதுதான் கவுன்சிலிங்குக்கு, போனால் விசுவாசக் குறைவு என்று உனக்கு யாரும் சொன்னால் காதில் போடாதே. "போதும் கர்த்தாவே" என்று எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்டபோது, தேவன் அனுப்பியது பிரசங்கம் இல்லை. தூங்கவிட்டு, எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். திரும்பவும் படுத்தான், திரும்பவும் கொடுத்தார். உனக்கு இப்போது வேண்டியது நல்ல நித்திரையும், கேட்டுக்கொண்டிருக்கத் தெரிந்த ஒரு ஆளும். உன் வேலை இடத்திலேயே அதற்கு வசதி இருக்கிறது என்றாய். தமிழில் கதைக்கிற ஆள் கிடைத்தால் இன்னும் நல்லம், அழுகையெல்லாம் நமக்குத் தமிழில்தானே வரும். ஜெபத்தையும் விடாதே. வார்த்தை வராவிட்டால் 88-ஆம் சங்கீதத்தை வாசி. கடைசி வரைக்கும் இருட்டாகவே இருக்கிற சங்கீதம், அதையும் ஜெபமென்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்த டிசம்பர் 26 நானும் அப்பாவும் வழமைபோல நாவலடிக்குப் போவோம். உனக்கு விருப்பமென்றால் அங்கிருந்து வீடியோ கோல் எடுக்கிறேன். கடலைக் காட்டமாட்டேன், நினைவுச்சின்னத்தில் தம்பியின் பெயர் இருக்கிற பக்கத்தை மட்டும் காட்டுகிறேன். ஏலாது என்றால் ஏலாது என்று சொல், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். உளவளத்துணைக்கு நேரம் எடுத்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. எந்த நாள், எத்தனை மணிக்கென்று இங்கத்தைய நேரத்தில் எழுது. அந்த நேரத்தில் நான் ஜெபத்தில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா