பெயரும் வாலட் முகவரியும் ஒரே கோப்பில் வேண்டாம்: மெய்நிகர் சொத்து விதிகளை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

கிரிப்டோ நாணயம் போன்ற மெய்நிகர் சொத்துகளின் பரிமாற்றங்களுக்கு விதி வகுக்கும் நிதி ஒழுங்குமுறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பரிமாற்றங்களை அழிக்க முடியாதபடி பதியும் பேரேடான பிளாக்செயினில் (சங்கிலியில்) இயங்கும் நிதிச் சேவைகளுக்கு மென்பொருள் எழுதுவோரும், அச்சேவைகளை நடத்தும் நிறுவனங்களில் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு), பணச்சலவைத் தடுப்பு வேலைகளைப் பார்ப்போரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். கறைபட்ட பணத்தை மறிக்க வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதற்காக எதைத் திரட்டச் சொல்கிறீர்கள், திரட்டியதை எப்படி வைத்திருக்கச் சொல்கிறீர்கள் என்பதில்தான் எங்களுக்குக் கவலை.

2019 ஜூனில், பணச்சலவைத் தடுப்புக்கு உலகத் தரம் வகுக்கும் அமைப்பான எஃப்ஏடிஎஃப், வங்கிகளுக்கு இருந்த டிராவல் ரூலைக் கிரிப்டோ நிறுவனங்களுக்கும் பொருத்தியது. அதன்படி 1,000 டாலர் அல்லது யூரோவுக்கு மேல் போனால், அனுப்புபவரின் விவரம் பணத்தைப் பெறும் நிறுவனத்துக்குச் சேர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 30 முதல், நிறுவனங்களுக்கிடையே அந்த வரம்புகூட இல்லை. வங்கியில் இப்படியொரு விவரம் கசிந்தால் பெரும்பாலும் அந்தப் பரிமாற்றம் மட்டும் வெளியே தெரியும். யாரும் படிக்கக்கூடிய பொதுச் சங்கிலியில் அப்படியல்ல; பெயரும் வாலட் முகவரியும் (கிரிப்டோ கணக்கின் எண்) சேர்ந்து ஒருமுறை கசிந்தால் போதும். அந்த முகவரிக்கு இதுவரை வந்தது, போனது, இப்போதைய இருப்பு, இனி நடக்கப்போவது அத்தனையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நடந்த வரலாற்றை அழிக்க வழியே கிடையாது. வீட்டு முகவரியும் அதே கோப்பில் இருந்தால், யாரிடம் எவ்வளவு இருக்கிறது, அவர் எங்கே குடியிருக்கிறார் என்று திருடனுக்கு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இத்தனைக்கும் எஃப்ஏடிஎஃப் விதி வீட்டு முகவரியைக் கட்டாயமாக்கவில்லை. வீட்டு முகவரி, அரசு அடையாள எண், நிறுவனம் தரும் வாடிக்கையாளர் எண், பிறந்த தேதியும் இடமும் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். தணிக்கையில் கேள்வி வந்துவிடக் கூடாதே என்று நிறுவனங்கள்தாம் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கின்றன. வாடிக்கையாளர் எண்ணே போதும் என்று உங்கள் விதியில் வெளிப்படையாக எழுதுங்கள். புலனாய்வுக்குத் தேவைப்படும்போது அந்த எண்ணைக் கொண்டு அனுப்பிய நிறுவனத்திடம் மற்றதைக் கேட்டு வாங்கலாம்.

அடையாள எண்ணை ஹேஷ் செய்து, அதாவது ஒருவழிக் குறியீடாக மாற்றி, சங்கிலியில் ஏற்றினால் பாதுகாப்பு என்ற யோசனை அடிக்கடி வருகிறது. இதை ஏற்காதீர்கள். 12 இலக்க எண் என்றால் மொத்தம் ஒரு லட்சம் கோடி வாய்ப்புகள்தான். விளையாட்டுக் கணினியில் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு நூறு கோடிக்கு மேல் ஹேஷ் போடும். அரை மணி நேரத்துக்குள் எல்லா எண்களையும் முயன்று, எந்த ஹேஷ் யாருடையது என்று பட்டியலே போட்டுவிடலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, குறைந்தது 128 பிட் நீளமுள்ள ரகசிய எண்ணைச் சேர்த்து ஹேஷ் செய்தால் இந்தத் தாக்குதல் பலிக்காது. அந்த ரகசிய எண் கசிந்தால் பழைய கதைதான். ஆகவே தனிநபர் தகவலை எந்த வடிவிலும் சங்கிலியில் ஏற்றாமல் இருப்பதே சரி.

நிறுவனத்திடம் விடாமல் வாடிக்கையாளரே வைத்திருக்கும் சொந்த வாலட் யாருடையது என்று சரிபார்ப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஸ்கிரீன்ஷாட் எதையும் நிரூபிக்காது; இரண்டு நிமிடத்தில் போலி செய்யலாம். சிறு தொகை அனுப்பிக் காட்டும் சோதனை வேலை செய்யும், ஆனால் அந்த வாலட்டுக்கும் நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பைச் சங்கிலியில் நிரந்தரமாகப் பதித்துவிடும். வாலட்டின் தனிச்சாவியால் (உரிமையாளரிடம் மட்டும் இருக்கும் ரகசியக் குறியீடு) ஒரு செய்தியில் கையொப்பமிடச் சொல்வதே நல்ல வழி. அந்தச் செய்தியில் நிறுவனத்தின் பெயர், தேதி, ஒருமுறை மட்டும் பயன்படும் எண் மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரிடத்தில் போட்ட கையொப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் காட்டி ஏமாற்றலாம். சங்கிலியிலேயே ஓடும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டால் ஆன வாலட்டுகளுக்குத் தனிச்சாவியே கிடையாது. அவற்றுக்கு, கையொப்பம் செல்லுமா என்று அந்தக் கான்ட்ராக்டிடமே கேட்கும் ஈஆர்சி-1271 முறையில் சரிபார்க்க விதி இடம் தர வேண்டும். இதை மறந்த நிறுவனங்களில் நேர்மையான வாடிக்கையாளர்கள்தாம் வாசலில் நிற்கிறார்கள்.

அடுத்தது வியூயிங் கீ. பரிமாற்ற விவரத்தை மறைக்க வழிதரும் சீகேஷ் போன்ற கிரிப்டோ நாணயங்களில் பணத்தைத் தொடாமல் கணக்கைப் பார்க்க மட்டும் உதவும் சாவி இது. அதிகாரிகளுக்கு இது பிடித்துப்போவது இயல்புதான். ஆனால் முழு வியூயிங் கீயை ஒருமுறை கொடுத்தால் அந்தக் கணக்கின் இறந்தகாலமும் எதிர்காலமும் சேர்ந்தே போய்விடும். திரும்பப் பெற முடியாது. ஒரு பரிமாற்றம் பற்றிய கேள்விக்கு அந்தப் பரிமாற்றத்தின் விவரத்தை மட்டும் கேளுங்கள். தொடர் தணிக்கை வேண்டுமென்றால் ஆண்டுக்கொரு புதிய கணக்கு, அதற்கொரு தனிச் சாவி என்று வைக்கச் சொல்லுங்கள்.

ஒட்டுமொத்தத் தடை என்ன செய்யும் என்பதற்கு, யாருடைய பணம் எங்கே போனது என்று தெரியாதபடி பலருடைய கிரிப்டோவைக் கலந்து தரும் டொர்னாடோ கேஷ் சான்று. வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் குழு திருடிய பணம் அதன் வழியே போனது உண்மை. 2022 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க நிதித் துறை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. சேர்த்த கையோடு யாரோ அதிலிருந்து பிரபலங்களின் முகவரிகளுக்கு 0.1 ஈத்தர் (ஒரு கிரிப்டோ நாணயம்) வீதம் அனுப்பினார்கள். வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்ல வாலட்டில் வழியில்லை. கறை பட்டதா என்று மட்டும் பார்த்த சில சேவைகள் பெற்றவர்களையே முடக்கின. 2024 நவம்பரில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், யாராலும் மாற்ற முடியாத ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எவருடைய சொத்தும் அல்ல, அதனால் தடைக்குள் வராது என்றது. 2025 மார்ச்சில் தடை விலக்கப்பட்டது. கறையைப் பார்க்கும் விதியில் எவ்வளவு தொகை, மொத்தத்தில் என்ன பங்கு, எத்தனை கை மாறி வந்தது என்ற மூன்றையும் எழுதியிருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாகத்தான் 2023இல் பிரைவசி பூல்ஸ் என்ற யோசனை வந்தது. பலர் பணம் போட்ட பொதுத் தொகுப்பிலிருந்து எடுப்பவர் தன்னுடைய டெபாசிட் எது என்று காட்டமாட்டார். அது ஏற்கப்பட்ட டெபாசிட்டுகளின் பட்டியலுக்குள் இருக்கிறது என்பதை மட்டும், வேறெதையும் வெளியிடாத கணிதச் சான்றான ஜீரோ நாலெட்ஜ் சான்றால் நிறுவுவார். நல்ல வழி என்றே கருதுகிறோம், ஆனால் இதன் ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். திருட்டு நடந்தது சில நாள் கழித்தே தெரியவரலாம் என்பதால், டெபாசிட்டைப் பட்டியலில் சேர்க்கக் காத்திருப்புக் காலம் வேண்டும். பட்டியலில் முப்பது பேர்தான் என்றால் தொகையையும் நேரத்தையும் வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், எந்தத் தேதியின் பதிப்பை வைத்துச் சான்று உருவானது என்பது சான்றிலேயே இருக்க வேண்டும். தவறாக நீக்கப்பட்டவர் எங்கே முறையிடுவது என்பதற்கு இன்று விடையில்லை. அதை நீங்கள்தான் தர முடியும்.

கணிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவும் மாட்டோம். 2018இல் சீகேஷின் சான்று முறையிலேயே, யாருக்கும் தெரியாமல் கள்ள நாணயம் உருவாக்க இடம்தரும் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. சரிசெய்த பிறகு, 2019 பிப்ரவரியில்தான் அதை வெளியே சொன்னார்கள். சான்று முறைகளுக்கு உரிமம் தருமுன் சுதந்திரமான இரு குழுக்களின் தணிக்கையைக் கட்டாயமாக்குங்கள். செலவு கூடினாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. பதிவுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்க எஃப்ஏடிஎஃப் சொல்கிறது. வைத்திருந்தார்களா என்று ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். காலம் முடிந்ததும் அழித்தார்களா, பேக்கப் பிரதிகளிலிருந்தும் டிராவல் ரூல் செய்தியைக் கொண்டுசென்ற இடைநிலை நிறுவனத்திடமிருந்தும் அழிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த ஆய்வுப் படிவத்தில் அழிப்புப் பதிவுக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பிளாக்செயின் நிதித் துறையின் மென்பொருளாளர்களும் இணக்க அலுவலர்களும்