நியூகாசிலில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு நீ அனுப்பிய படம் வந்தது. அம்மா எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறாள். 2025 மார்ச்சில் உன் நியூகாசில் கால்பந்து அணி லிவர்பூலை வென்றபோது, எழுபது ஆண்டுகளாக உள்நாட்டுக் கோப்பை எதையும் காணாத ஊரோடு நீயும் சேர்ந்து கொண்டாடினாய். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால், "விளையாட்டில் அரசியலை ஏன் நுழைக்கிறீர்கள் அப்பா?" என்று போனில் கோபித்துக்கொண்டாயே, நுழைத்தது நானா?

2021 ஏப்ரலில் பெரிய அணிகள் சேர்ந்து தனி லீக் தொடங்கப் பார்த்தபோது, சட்டம் போட்டாவது தடுப்பேன் என்று முழங்கினார் அன்றைய கன்சர்வேடிவ் பிரதமர் போரிஸ் ஜான்சன். கால்பந்து ரசிகர்களுடையதாம். அதே அக்டோபரில், சவூதி முதலீட்டு நிதியத்தின் தலைமையில் சுமார் 30 கோடி பவுண்டுக்கு உன் அணி கைமாறியது. அன்று நிதியத்தின் பங்கு 80 சதவீதம். இப்போது முழக்கம் இல்லை. அது, போட்டிகளை நடத்தும் பிரீமியர் லீக் பார்த்துக்கொள்ள வேண்டிய வணிக விவகாரமாம். இந்த விற்பனைக்காக முந்தைய ஆண்டே சவூதி இளவரசர் ஜான்சனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்.

சவூதி அரசு அணியைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உறுதி கிடைத்ததாக லீக் சொன்னது. 2023இல் அமெரிக்காவில் நடந்த கோல்ஃப் வழக்கிலோ, அதே நிதியம் தன்னை அரசின் அங்கம் என்றும், தன் ஆளுநரைப் பதவியிலிருக்கும் அமைச்சர் என்றும் சொல்லி நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்குக் கேட்டது. அந்த ஆளுநர்தான் உன் அணியின் தலைவர். படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

லேபர் கட்சிக்காரர்கள் மட்டும் உத்தமர்களா? 2003இல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் செல்சீ அணியை வாங்கியபோது ஆட்சி அவர்களுடையது. 2022 மார்ச்சில், உக்ரைன் போருக்குப் பிறகு, புதினுக்கு நெருக்கமானவர் என்று கன்சர்வேடிவ் அரசு அவர் சொத்துகளை முடக்கியது. அந்த நெருக்கம் அன்று காலையில்தான் தெரிய வந்ததோ?

ஒரே ஒருமுறை உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். கன்சர்வேடிவ் அரசின் கால்பந்து மசோதாவில், உரிமையாளரின் தகுதியைப் பார்க்கும்போது பிரிட்டனின் வெளியுறவு, வர்த்தக நோக்கங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. 2024 அக்டோபரில் லேபர் அரசு அதை நீக்கியது. டிசம்பரில் பிரதமர் ஸ்டார்மர் முதலீடு தேடி ரியாத் போனார்.

உன் தொகுதி எம்.பி. ரசிகர்கள் கூட்டத்துக்கு வருகிறார் என்றாயே. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் எழுந்து கேள்: 2021 அக்டோபரில் நீங்கள் என்ன பேசினீர்கள்? அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா